சிவநேசத்தின் கைக்கு ஏற்ற துவக்கு

"எங்கேயாவது வலி இருக்கிறதா, மடாம்?" என்று மருத்துவர் பிரெஞ்சில் கேட்டது சிவநேசத்திடம். பதில் சொன்னது பக்கத்தில் இருந்த கணவர் மகேந்திரராசா.

"ஒரு வலியும் இல்லை டொக்டர். இவ நல்ல சுகமா இருக்கிறா," என்று அவர் ஆங்கிலத்தில் அடித்துவிட்டார்.

 சிவநேசம் மடியில் கிடந்த வலதுகைப் பெருவிரலை இடதுகையால் மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டார். நாலு வருடமாக அந்தக் கை விறைக்கிறது. காலையில் தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் விரல்களில் ஊசி குத்துகிறது. மருத்துவர் கணினியில் எதையோ தட்டினார், சீனி வருத்தத்துக்கு வழக்கமான மருந்தை எழுதித் தந்தார், மூவரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவர் சிவநேசம்தான். மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து இருபத்தாறு வருடம் ஒரு தையல் தொழிற்சாலையில் கியூபெக் பெண்களுக்கு நடுவில் இருந்து தைத்தவர். மகேந்திரராசா உணவகச் சமையலறைகளில் ஆங்கிலத்தோடு காலத்தை ஓட்டியவர். பிரெஞ்சு காதில் விழுந்தால் அரைகுறையாக விளங்கும், பேசப் போனால் பொன்ஜூர், மெர்சி இரண்டோடும் முடிந்துவிடும். ஆனாலும் கடையிலோ வங்கியிலோ உறவினர் வீட்டிலோ, யார் சிவநேசத்திடம் எதைக் கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும். "அவவுக்குச் சீனி வேண்டாம்." "அவவுக்குக் குளிராது." "அவவுக்கு எதெண்டாலும் சரி." கெட்ட மனிதர் இல்லை. மனைவியில் உயிரையே வைத்திருக்கிறவர். அன்பு கூடிப்போய் மனைவியின் வாயையும் தானே எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். நம்மவர்களில் இப்படி எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால் விரல் போதாது.

சிவநேசம் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கத்தான் வேண்டும். அவருடைய அக்காவுக்கும் முதலில் கைதான் விறைத்தது. ஆறு மாதத்தில் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தனக்கும் அதுதான் வருகிறது என்று சிவநேசம் தன் பாட்டில் முடிவுகட்டிவிட்டார். வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடுமோ என்ற பயம். கணவர் முந்திக்கொண்டு பதில் சொல்வது அந்தப் பயத்துக்கு நல்ல மறைவாகவும் இருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில்தான் லீஸ் தொலைபேசியில் அழைத்தாள். தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் அடுத்த மெசினில் இருந்தவள். லவாலில் ஒரு கழகத்தில், அறுபது வயது தாண்டியவர்களுக்கு ஞாயிறு காலையில் இலக்குப் பார்த்துக் கைத்துவக்குச் சுடப் பழக்குகிறார்களாம். "வாயேன், எனக்கும் துணையாக இருக்கும்," என்றாள்.

சிவநேசத்துக்குச் சிரிப்பு வந்தது. துவக்குக்குப் பயந்துதானே அவர் ஊரைவிட்டே ஓடிவந்தார்! லீஸ் விடவில்லை. இது காற்றால் சுடுகிற துவக்கு, குண்டு மிளகளவுதான், பத்து மீற்றர் தூரத்தில் ஒரு கடதாசி வட்டம், அதுதான் எதிரி என்றாள். உண்மையான கைத்துவக்கை இந்த நாட்டில் இப்போது நீ ஆசைப்பட்டாலும் புதிதாக வாங்க முடியாது என்றும் சொன்னாள். "ஊசி முனையிலிருந்து கண்ணை எடுக்காத ஆள் நீ. உனக்கு இது நன்றாக வரும்."

உனக்கு இது வரும் என்று சிவநேசத்திடம் யாரும் சொல்லி வெகுகாலமாகிவிட்டது. சரி என்றுவிட்டார்.

"உமக்கென்ன விசரே?" என்றார் மகேந்திரராசா. "இந்த வயசில துவக்குத் தூக்கப் போறீரோ? சனம் சிரிக்கும்."

சனம் சிரிக்கத்தான் செய்தது. கோயிலில் குடும்பச் சிநேகிதர் சண்முகலிங்கம், "என்ன மகேந்திரம், வீட்டுக்குள்ள இனிக் கையை உயர்த்திக்கொண்டோ திரியப்போறாய்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தார். ஆனால் முதன்முறையாக சிவநேசம் பிடித்த பிடியில் நின்றார். மகேந்திரராசாவும் இறங்கிவந்து, தானே காரில் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். அவர்கள் இருக்கிற கார்ட்டியர்வில்லில் இருந்து பாலத்தைத் தாண்டினால் லவால்தானே.

கழகத்தில் பழக்குகிறவர் பெயர் ஜில்பேர். எழுபது வயது, தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மேசையில் நாலு கைத்துவக்குகளை வரிசையாக வைத்திருந்தார்.

"பெரியது நல்லது என்று நினைக்காதீர்கள். அழகானதும் நல்லதல்ல. உங்கள் கைக்கு எது சுகமோ அதுதான் நல்ல துவக்கு," என்றார். "பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டு மடங்கக் கூடாது. விரலை எட்டி நீட்டாமல், நுனி தானாகப் போய் விசையில் இருக்க வேண்டும். இங்கே சட்டம் இரண்டுதான். துவக்கின் வாய் எப்போதும் இலக்கைத்தான் பார்க்க வேண்டும். கையில் ஏதாவது பிழை என்றால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். சரி மடாம், எது சுகமாக இருக்கிறது?"

பின்னால் கதிரையில் இருந்த மகேந்திரராசா எழுந்து வந்தார். "உந்தக் கறுப்பை எடும். உதுதான் பாக்கிறதுக்கு எடுப்பா இருக்கு," என்றவர், ஜில்பேரிடம் ஆங்கிலத்தில், "இவவுக்கு அது ஓகே," என்று முடித்துவைத்தார். நாலிலும் பெரியது அதுதான்.

ஜில்பேர் சிவநேசத்தைப் பார்த்தார். சிவநேசம் அந்தக் கறுப்பைக் கையில் எடுத்தார். பிடி அகலம், கை முழுவதும் விரிந்தது. ஆனால் நீட்டியதை வேண்டாம் என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லிப் பழக்கமில்லையே. விருந்துக்குப் போன வீட்டில் உப்பு மறந்த கறியையும் நல்ல ருசி என்று சாப்பிட்டுவிட்டு வருகிறவர் அவர். "பரவாயில்லை, இது நல்லம்," என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டார். ஆளாளுக்குக் கை சுகம் அறிந்து கொடுக்க வந்த மனிதர் அதற்கு மேல் என்ன செய்வார்?

முதல் குண்டு போனபோது சிவநேசம் கண்ணை இறுக மூடியிருந்தார். சோடாப் போத்தல் திறந்ததுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். "இதுதானோ?" என்று தமிழில் கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். இத்தனை வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்த சத்தம் வேறு, இது வேறு. இரண்டாம் ஞாயிறு லீஸ் சொன்னது பலித்தது. துவக்கு நுனியில் இருக்கிற முன்குறியைத் தெளிவாகப் பார், இலக்கு மங்கலாக இருக்கட்டும், மூச்சைப் பாதி விட்டுவிட்டு விசையை மெல்ல அழுத்து என்று ஜில்பேர் சொல்லச் சொல்ல, பத்தில் ஆறு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கடதாசியை சிவநேசம் மடியில் வைத்திருந்தார்.

ஆனால் அந்தக் கறுப்புத் துவக்குக்கு ஒவ்வொரு முறையும் நெம்புகோலை இழுத்துக் காற்றடைக்க வேண்டும். பத்துத் தரம் இழுத்தால் மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை தீப்பிடித்ததுபோல எரியும். சொன்னால் வீட்டுக்குப் போ என்று விடுவார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் ஞாயிறு ஏழாவது குண்டுக்குக் கையைத் தூக்கும்போது விரல்கள் இருக்கும் இடமே தெரியவில்லை. துவக்கு சரிந்தது. விரல் விசையில் இருந்தது. டப்பென்று குண்டு முன்னால் இருந்த பலகை விளிம்பில் பட்டுச் சிராய் பறந்தது.

"நிறுத்துங்கள்!" என்று ஜில்பேர் சத்தம் போட்டார். எல்லோரும் துவக்கை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நடந்திருந்தால்? பக்கத்துத் தடத்தில் லீஸ் நின்றாளே!

"மடாம், கையில் என்ன?" என்று ஜில்பேர் கேட்டார்.

"ஒன்றுமில்லை சேர், வயது போனதுதான். இவ நல்லா இருக்கிறா," என்றபடி ஓடிவந்தார் மகேந்திரராசா.

ஜில்பேர் அவரைக் கையால் தடுத்தார். ஆங்கிலத்துக்கு மாறிய குரலில் கோபம் இல்லை, ஆனால் தீயை அணைக்கப் போனவரின் உறுதி இருந்தது. "முசியு, நான் உங்களைக் கேட்கவில்லை. உங்கள் கை நல்ல கை. நான் மடாமின் கையைக் கேட்கிறேன். வாய் அவருடையது, கை அவருடையது. பதிலும் அவருடையதாக இருக்கட்டும். நான் காத்திருக்கிறேன்."

உண்மையாகவே காத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் அப்படியே நின்றார்கள். சிவநேசத்துக்கு அந்த அமைதி தாங்கமுடியவில்லை. கணவரைப் பார்த்தார். அவரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"நோகிறது," என்றார் சிவநேசம் பிரெஞ்சில். "விறைக்கிறது. நாலு வருடமாக. இந்தத் துவக்கு எனக்குப் பெரிது. முதல் நாளே பெரிதுதான்."

மருத்துவர் பார்த்துக் கடிதம் தரும்வரை துவக்கைத் தொட முடியாது என்று ஜில்பேர் சொன்னார். சொல்லிவிட்டு, "இன்று நீங்கள் செய்ததில் மிகச் சரியான காரியம் இதுதான், மடாம். உங்கள் இடம் இங்கே இருக்கும்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கார் பாலத்தில் ஏறியது. அப்போதுதான் மகேந்திரராசா கேட்டார். "நாலு வருசமோ? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே நீர்?"

"நீங்கள் எப்ப கேட்டனீங்கள்? கேட்டவைக்கும் நீங்கள்தானே பதில் சொன்னீங்கள்." சிவநேசம் தன் வலதுகையைப் பார்த்தார். "அக்காவுக்கு வந்ததுதான் எனக்கும் எண்டு பயந்துபோய் இருக்கிறன் அப்பா. நாலு வருசமாப் பயந்துபோய் இருக்கிறன்."

மகேந்திரராசா காரை தெருமுனையில் ஒரு தெப்பனேர் சில்லறைக் கடை வாசலில் நிறுத்திவிட்டார்.  கண் கலங்கியிருந்தது. "நான் எனக்குத் தெரிஞ்சதெண்டு நினைச்சுத்தான் சொன்னனான். எனக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்கேல்லை, என்ன?" என்றார்.

மூன்று வாரம் கழித்து அதே மருத்துவர், அதே அறை. "எங்கேயாவது வலி இருக்கிறதா?" என்று வழக்கம்போலக் கேட்டார். மகேந்திரராசா இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, உதட்டை உதட்டால் இறுக்கிக்கொண்டு இருந்தார். சிவநேசம் சொன்னார். எந்த விரல், எந்த நேரம், அக்காவுக்கு என்ன வந்தது எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னார். மருத்துவர் கணினியை விட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், நரம்புப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"பாரிசவாதம் இல்லை," என்றார் முடிவு வந்த அன்று. "மணிக்கட்டில் ஒரு நரம்பு நசுங்கியிருக்கிறது. தையல் வேலை செய்தவர்களுக்குச் சாதாரணமாக வருவது. இப்போதைக்குக் கையுறை மாதிரி ஒரு பட்டி கட்டுங்கள், பயிற்சி செய்யுங்கள். தேவைப்பட்டால் சின்னச் சத்திரசிகிச்சை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

 சிவநேசம் அழுதுகொண்டு சிரித்தார். நாலு வருடப் பயம் ஒரு நிமிடத்தில் இறங்கியது. பட்டி கட்டுவது ஒரு பெரிய காரியமா? வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, அதுகூட அன்று அவருக்கு அழகாகத்தான் இருந்தது.

பனி கரைகிற மாதத்தில் கடிதத்தோடு கழகத்துக்குப் போனார். மேசையில் அதே நாலு துவக்குகள். ஜில்பேர் அதே கேள்வியைக் கேட்டார். சிவநேசம் கறுப்பைத் தொடவேயில்லை. "இது வேண்டாம்." அடுத்ததைத் தூக்கினார். "இதன் முன்பக்கம் பாரம், வேண்டாம்." மூன்றாவதின் விசை விரலுக்கு எட்டவில்லை, அதையும் வேண்டாம் என்றார். ஒரே காலையில் மூன்று தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்! லீஸ் கைதட்டினாள். நாலாவது சிறியது, மரப்பிடி, காற்று உருளையில் ஏற்கெனவே அடைத்திருப்பதால் இழுக்கத் தேவையில்லை. சின்ன மூடியைத் திறந்து குண்டை வைத்தால் போதும். பிடித்தவுடன் விரல் நுனி தானாகப் போய் விசையில் இருந்தது.

"இது," என்றார் சிவநேசம்.

அன்று பத்தில் எட்டு உள்ளே விழுந்தன. மகேந்திரராசா பின்னால் இருந்து எண்ணினார். வேறு எதுவும் பேசவில்லை.

திரும்பும் வழியில் லவாலிலேயே இருக்கிற சண்முகலிங்கம் வீட்டுக்குப் போனார்கள். துவக்குப் பகிடிகள் முடிய, சண்முகலிங்கத்தின் மனைவி தவமலர் தேநீர்த் தட்டோடு வந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

"முழங்காலில என்ன, தவமலர் அக்கா?" என்று சிவநேசம் கேட்டார்.

"அவவுக்கு ஒண்டுமில்லை, குளிருக்குப் பிடிச்சிருக்கு," என்றார் சண்முகலிங்கம் கதிரையில் சாய்ந்தபடி.

மகேந்திரராசா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்ணை, உங்கட முழங்காலை ஒருத்தரும் கேக்கேல்லை," என்றார். "அக்காவின்ர முழங்காலைத்தான் கேட்டது. நான் நாலு வருசம் இவவின்ர வாயால கதைச்சு, இவவின்ர கையைக் கெடுத்துப்போட்டன். நோகிற ஆள்தான் நோவைச் சொல்லவேணும். மற்ற ஆக்கள் வாயை மூடிக்கொண்டு கேக்கவேணும். அன்பெண்டா அதுதான் அண்ணை."

சண்முகலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தவமலர் தட்டை மேசையில் வைத்துவிட்டு, சிவநேசத்தின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"நோகுது சிவநேசம்," என்றார். "மாரிக் குளிர் தொடங்கினதில இருந்து நோகுது."