குடும்பப் படத்துக்கு நாலு பேர்

என் புகுந்த வீட்டாரின் குடும்பச் சங்கம் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கூடும். அதற்கு ஆறு மாதம் முன்பே செயற்குழு கூடும். செயற்குழு கூடுவதற்கு முன்பே தலைவர் எல்லாவற்றையும் முடிவு செய்திருப்பார். தலைவர், என் கணவர் வஹோனோவின் அண்ணன் ஹர்கோனோ.

இந்த முறை சோலோ நகரத்து ஹோட்டல் ஒன்றில் கூட்டம். இருபத்து நான்கு பக்கக் கையேடு வந்தது. முதல் ஆறு பக்கம் தலைவரின் முன்னுரை. ஏழாம் பக்கம் போக்குவரத்துப் பிரிவு. பொறுப்பாளர் அவருடைய மகன் ரிஸ்தோ, பிரிவின் மொத்த உறுப்பினரும் அவனே. ஒன்பதாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி: சரியாகப் பதினொரு மணிக்குக் குழுப்படம்.

அந்தப் படம்தான் கூட்டம். மற்றதெல்லாம் சாப்பாடு. படத்தைப் பெரிதாக அச்சடித்து முப்பத்திரண்டு வீட்டுக் கூடங்களில் மாட்டுவார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு விரல் வைத்துக் காட்டுவார்கள், இவர் இன்னார், இது இன்னார் பிள்ளை என்று. விரல் படாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடும்பத்திலிருந்து உதிர்ந்துபோவார்கள். யாரும் யாரையும் விலக்குவதில்லை. அவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள் நாங்கள்.

வஹோனோ இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. என் மூன்று பிள்ளைகளும் அந்தப் படத்தில் நிற்க வேண்டும். வேறு எந்த வேலையும் எனக்கு சோலோவில் இல்லை.

போவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது தலைவரே தொலைபேசியில் அழைத்தார்.

"நீங்க நாலு பேரும் வராம நான் போட்டோ எடுக்க விடமாட்டேன் எஸ்தி. எனக்கு வலது பக்கம் தம்பி எடம். அங்க நீங்கதான் நிக்கணும். ஸ்டேஷன்ல கண்ட வண்டியிலயும் ஏறாத. நம்ம வண்டி வரும்."

போனை வைத்துவிட்டு அழுதேன். மறுநாள் எண்டாங் அக்கா, அதாவது தலைவரின் மனைவி, ஒரு செய்தி அனுப்பினார். எப்படியும் ரயிலில்தானே வருகிறேன், எங்கள் ஊர் சுரபாயாவின் இறால் அப்பளம் நாற்பது பாக்கெட் வாங்கி வந்தால் எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்று. அப்பளத்துக்குக் கனம் கிடையாது. ஆனால் நாற்பது பாக்கெட் சேர்ந்தால் ஒரு ஆள் உயரம் வரும்.

படத்துக்கான சீருடைத் துணியையும் சங்கமே அனுப்பியிருந்தது, கிளிப்பச்சையில் மெழுகுச் சாயப் பாத்திக். நாலு பேருக்கும் தைத்தேன். இறங்கியதும் படம் என்பதால் விடியற்காலையிலேயே அதை உடுத்திக்கொண்டு ரயில் ஏறினோம். பதினொரு வயது நிக்கென், ஏழு வயது டமார், இடுப்பில் இரண்டு வயது செக்கார், இரண்டு பெட்டி, ஒரு துணிப்பை, ஆள் உயர அப்பளம். ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு ரயில் சோலோவில் நின்றது.

போர்ட்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். ஒரே துணியில் நாலு பேர் இறங்கினால் பின்னால் நாற்பது பேர் வருவார்கள் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. "மத்தவங்கல்லாம் எந்தப் பெட்டியிலம்மா?" என்று கேட்டார். மற்றவர்கள் ஹோட்டலில் இருக்கிறார்கள், எங்களுக்கு வண்டி வருகிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் சாமான்களை வாசல் தூண் ஓரம் இறக்கிவிட்டு, வண்டி வந்ததும் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி இல்லை. ரிஸ்தோவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் கேட்டேன். 'கிளம்பியாச்சு' என்று தலைவரிடமிருந்து பதில் வந்தது. எங்கள் நாட்டில் கிளம்பியாச்சு என்றால் குளிக்கத் துண்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அது தெரிந்தும் நம்பினேன், சொன்னது தலைவர் என்பதால். பத்து நிமிடம் கழித்துக் குழுவில் தலைவர் ஒரு படம் போட்டார். 'வரவேற்புக் குழு தயார்' என்று அடியில் எழுதி, ஐந்து பேர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நின்றார்கள்.

டமார் இரண்டு முறை கழிப்பறைக்குப் போய்வந்தான். செக்கார் தூங்கி, எழுந்து, அழுது, மறுபடி தூங்கினாள். நிக்கென் அப்பளப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள், காற்று அடித்தால் பை நடந்துபோய்விடுகிறது. போர்ட்டர் எங்களைக் கடந்து நாலு முறை போனார். முதல் இரண்டு முறை சிரித்தார்.

பத்து மணிக்கு ரிஸ்தோ போனை எடுத்தான். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"சித்தி, நான் ஏர்போர்ட்ல இருக்கேன். அப்பா உங்ககிட்ட சொல்லலியா?"

"சொல்லலியேப்பா."

"முன்னாள் துணை மாவட்டத் தலைவர் வர்றாரு. அவருக்குத்தான் வண்டின்னு நேத்தே முடிவாயிடுச்சு சித்தி."

நேற்றே. நேற்று மாலை தலைவர் என்னிடம் பேசியபோது அப்பளம் நொறுங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

துணை மாவட்டத் தலைவர் எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லை. அவருடைய தாத்தாவின் அப்பாவும் எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரும் ஒரே ஆற்றில் குதிரை குளிப்பாட்டினார்கள் என்று கையேட்டின் நாலாம் பக்கத்தில் தலைவர் கண்டுபிடித்திருந்தார்.

வாசலில் இரண்டு பெச்சாக் பிடித்தேன். பயணி முன்னால் உட்கார, ஓட்டுகிறவர் பின்னால் மிதிக்கிற மூன்று சக்கர வண்டி. முதல் வண்டியில் நானும் செக்காரும் பெட்டிகளும். இரண்டாவதில் நிக்கென், டமார், துணிப்பை, அவர்களுக்கு மேலே அப்பளம். பதினொரு மணிக்குள் போய்விட வேண்டும் என்றேன். ஓட்டுகிறவர் சிரித்தார். "கல்யாணமாம்மா? அதெல்லாம் சொன்ன நேரத்துல எங்க நடக்குது?"

அதுதான் எனக்கும் தெம்பு. எங்கள் குடும்ப வரலாற்றில் எதுவும் குறித்த நேரத்துக்கு முன்னால் நடந்ததில்லை, பிரசவங்கள் உட்பட.

பெரிய சாலையில் பாதி தூரம் போனபோது பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. எங்கள் வேன். பக்கவாட்டில் பேனர் கட்டியிருந்தது: 'ஒரே ரத்தம், ஒரே உள்ளம்'. பன்னிரண்டு பேர் உட்காரும் வேன். நடு வரிசையில் பழுப்புச் சட்டையில் ஒருவர். அவர் பக்கத்து இருக்கையில் அவருடைய கைப்பை, அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தார்கள். டமார் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினான். "அண்ணா! ரிஸ்தோ அண்ணா!" வேன் எங்களை ஒட்டியே போனது. ரிஸ்தோவின் கழுத்து நேராக இருந்தது. ஓட்டுநர் தேர்வில்கூட யாரும் அப்படி நேராகப் பார்த்து ஓட்டியிருக்க மாட்டார்கள்.

டமார் ஆட்டிய ஆட்டத்தில் அப்பளப் பை சாலையில் விழுந்தது. பொறுக்கி ஏற்றப் பத்து நிமிடம். அப்படியும் ஹோட்டல் வாசலில் இறங்கியபோது பதினொன்றாகப் பதின்மூன்று நிமிடம் இருந்தது. பிள்ளைகளின் தலையை வாரிவிட்டேன். செக்காரின் மூக்கைத் துடைத்தேன்.

கூடத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

படம் எடுத்தாகிவிட்டது. துணை மாவட்டத் தலைவருக்கு வேறொரு விழா இருந்ததாம். பத்தரைக்கே எடுத்து முடித்து, கேக் பெட்டி கொடுத்து, அதே வேனில் அனுப்பிவிட்டார்கள். என் பெட்டிகளைத் தாண்டி எண்டாங் அக்கா நேராக அப்பளத்திடம் போனார்.

தலைவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"வந்துட்டியா எஸ்தி? ஒண்ணும் கவலைப்படாத. இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல ஒட்டிடலாம். போட்டோக்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

கோபப்பட்டிருக்கலாம். ஆனால் நான் வந்தது படத்துக்காக. ஒட்டிய படமானாலும் படம்தானே என்று என் புத்தி அப்போது கணக்குப் போட்டது. சமையலறைப் பக்கம் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தது. அதில் எங்களை நிறுத்தினார்கள். போட்டோக்காரர் வேலையில் நேர்மையானவர். "பக்கத்துல ஆள் இருக்குற மாதிரி கொஞ்சம் நெருங்கி நில்லுங்க," என்றார். நிக்கென் இடது பக்கம், ஒன்றுமில்லாத இடத்தில், மரியாதையாகச் சாய்ந்து நின்றாள்.

முடிந்ததும், எங்களை எங்கே ஒட்டப்போகிறார் என்று கேட்டாள். அவர் காமிராவில் குழுப்படத்தைக் காட்டினார். கிளிப்பச்சைக் கூட்டம், நடுவில் தலைவர். அவருக்கு வலது பக்கம் பழுப்புச் சட்டை. வரிசையில் ஒரு விரல் நுழைய இடமில்லை.

"ஓரத்துல ஒரு தூண் இருக்குது பாப்பா. அதை எடுத்துட்டா எடம் வந்துடும்," என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் தலைவர் மைக்கைப் பிடித்தார். திம்லோ சூப் ஆறும்வரை முன்னோரைப் பற்றிப் பேசினார். பிறகு ஒழுக்கத்துக்கு வந்தார். குழுப்படம் குறித்த நேரத்துக்கும் முன்பாகவே முடிந்தது சங்க வரலாற்றில் இதுவே முதல் முறை என்றார். வண்டி, வழிகாட்டி, கையேடு எல்லாம் ஏற்பாடு செய்திருந்தும் ஒரு சில குடும்பங்கள் நேரத்தைக் கடைப்பிடிக்கவில்லை, பரவாயில்லை, பெரிய மனதோடு அவர்களையும் சேர்த்துக்கொள்வோம் என்றார். "நேரத்துக்கு வந்த எல்லாருக்கும் ஒரு கைதட்டு குடுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அன்பாகத்தான். நான் ரிஸ்தோவைப் பார்த்தேன். அவன் சூப்பில் காடை முட்டையைத் தேடிக்கொண்டிருந்தான். கூடம் முழுக்கக் கைதட்டல். வளர்த்த வளர்ப்பு அப்படி, என் கையும் தட்டியது. மடியில் செக்கார் எல்லோரையும்விட அதிக நேரம் தட்டினாள்.

அவளை நிக்கெனிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். போட்டோக்காரர் மூலையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் நாலு பேர் படத்தை அழிக்கச் சொன்னேன். அவர் மென்றுகொண்டே என்னை அண்ணாந்து பார்த்தார்.

"தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அதுல இருக்கறது நான். என் பிள்ளைங்க. நான்தான் சொல்றேன்."

கையைத் துடைத்துக்கொண்டு காமிராவை எடுத்தார். என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக அழித்தார். ஆறு படம். கடைசிப் படத்தில் டமார் மட்டும் கண்ணை மூடியிருந்தான்.

"நாளைக்குத் தலைவர் கேட்டா நான் என்னம்மா சொல்லட்டும்?"

"கேக்க மாட்டாரு," என்றேன்.

படம் இப்போது முப்பத்தொரு வீட்டில் தொங்குகிறது. எங்கள் பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தார்கள், நான் மாட்டவில்லை. அதில் அந்தத் தூண் ஓரத்தில் அப்படியே நிற்கிறது.