பழுப்புத் தொட்டியில் ஓக் இலைகள்

1

இந்தக் கதை எனக்குக் குப்பைத் தொட்டியிலிருந்து கிடைத்தது. ஒளிக்க ஒன்றுமில்லை. எதிர்வீட்டு ஜோன் ஹப்பர்ட் தன் வாசல் கதவில் தொங்கிய ஓக் இலை வளையம் ஒன்றைக் கழற்றித் தொட்டியில் போட்டதை ஜன்னல் வழியே பார்த்தேன். ஜோனுக்கு வயது அறுபத்து நான்கு. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வட்டப் பலகையைத் தூக்கிப் பிடித்து, வண்டிகளை நிறுத்தி, பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பவள். அன்று 2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறப் பிரிட்டன் ஓட்டுப் போட்டுவிட்டது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அன்று காலை வரலாறு எங்கள் தெருவின்..." (வேண்டாம். லிங்கன்ஷயரின் முட்டைக்கோஸ் வயல்களைத் தாண்டி வரலாறு எங்கள் தெருவுக்கு வந்ததே இல்லை. வந்தாலும் வண்டி நிறுத்த இடம் கிடைத்திருக்காது.)

இரண்டாவது தொடக்கம்: "வெறுப்பு பிடித்த ஒரு கிழவி..." (இதையும் அடித்துவிட்டேன். என் மகளை ஆறு வருஷம் கையைப் பிடித்துச் சாலை கடக்க வைத்தவள் அவள். ஒரே வரியில் தீர்த்துக்கட்டினால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.)

மூன்றாவது தொடக்கத்தில் நிற்கிறேன். ஜோன் பயந்துபோயிருந்தாள்.

2

ஜெயித்த பக்கம் அவளுடையது. சந்தோஷமாகத்தான் எழுந்தாள். தேநீர் போட்டுவிட்டுப் பால் பாட்டிலை எடுக்கக் கதவைத் திறந்தாள். கதவில் வளையம்.

இங்கே கிறிஸ்துமஸுக்குத்தான் கதவில் வளையம் மாட்டுவார்கள். ஜூன் மாதத்தில் வளையம் என்றால் சவப்பெட்டிதான்.*

அதைக் கட்டியிருந்த பச்சை நாடாவை ஜோன் பார்த்தாள். பக்கத்து வீட்டு ரசா வேலை செய்யும் பூப்பண்ணையின் நாடா அது. லித்துவேனியாவிலிருந்து, அந்த ஒன்றியம் கொடுத்த உரிமையில் வேலைக்கு வந்த ரசா ஆறு வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறாள். ஜோனுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தபோது இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குளிர்ந்த பீட்ரூட் சூப் கொண்டுவந்து கொடுத்தவள். (ஜோன் அதைப் பழக்கூழ் என்று நினைத்துச் சர்க்கரை போட்டுக் குடித்தாள். நன்றாயிருந்தது என்றும் சொன்னாள்.)

தெரிந்துவிட்டது அவளுக்கு என்று ஜோன் நினைத்தாள். நான் எதற்கு ஓட்டுப் போட்டேன் என்று தெரிந்துவிட்டது. எனக்கு நீ செத்தாய் என்கிறாள்.

முதலில் பயந்தாள். அப்புறம் கோபம் வந்தது. ஆனாலும் இந்த ஊர்க்காரி அல்லவா, கத்தரிக்கோல் எடுத்து நாடாவை வெட்டிப் பச்சைத் தொட்டியில் போட்டாள். கம்பியை உருவித் தனியே வைத்தாள். இலைகளைத் தோட்டக் கழிவுக்கான பழுப்புத் தொட்டியில் போட்டாள். உறவே அறுந்த நேரத்திலும் குப்பையைத் தரம் பிரிக்காமல் போட அவளுக்குக் கை வரவில்லை.

* நமக்கும் மலர்வளையம் என்றால் சாவுதான். ஜன்னலில் நின்ற நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் பத்தொன்பது வருஷமாக இங்கே இருப்பவன். போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

3

இந்தப் பாத்திரத்தில் எனக்கு ஒரு சந்தேகம். ஜோன் ஏன் அப்படி ஓட்டுப் போட்டாள்?

ஒரு பிரதியில் அவளுக்கு நீளமாக ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தேன். டாக்டரைப் பார்க்க மூன்று வாரம், மகனுக்கு வாடகைக்கு வீடு இல்லை, இந்த ஊர்ப் பெண்கள் செய்துகொண்டிருந்த வயல் வேலையெல்லாம் வெளிநாட்டிலிருந்து ஆள்பிடிக்கும் கம்பெனிகளிடம் போய்விட்டது. எல்லாம் நிஜம்தான். ஆனால் மேடையில் பேசுவதுபோல இருந்தது, கிழித்துவிட்டேன். அவளையே கேட்டபோது சொன்னது இவ்வளவுதான்: "நம்மளை யாராவது ஒருதடவை கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. கேட்டாங்க. போட்டேன்."

"ரசாவை நினைச்சீங்களா?"

"ஓட்டுப் போடற தட்டிக்குள்ள நிக்கிறப்ப நினைப்பே வரலை கண்ணு."

ரசாவுக்கு எதிராக அவள் ஓட்டுப் போடவில்லை. ரசாவை நினைக்கவே இல்லை. எனக்கு இதுதான் அதிகம் வலித்தது.

4

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரே மீன் வறுவல் கடை வரிசையில்தான் நிற்கும். நானும் நின்றேன்.

"மசிச்ச பட்டாணி இன்னிக்கு எல்லாருக்கும் சும்மா," என்றார் கடைக்காரர் க்ளைவ். "ஜெயிச்சதுக்கு."

"உன் சந்தோஷத்தை என் மீன் மேல கொட்டாதே," என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஹிலரி.

"இனிமே எல்லாம் சரியாயிடும் டீச்சர்."

"எது?"

"எல்லாந்தான்."

"அதைத்தான்பா கேக்குறேன், எது?"

க்ளைவ் மீனைத் திருப்பிப் போட்டார். வரிசையில் நின்ற ஒரு இளம்பெண் யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "எங்கம்மா காலையிலேருந்து என்கிட்ட பேசலை. மீன் வாங்கிட்டுப் போறேன். இதுக்கும் பேசலைன்னா அப்புறம் பாத்துக்கலாம்."

"என்ன ஜோன், மூஞ்சி தொங்கிக் கெடக்கு? நம்ம ஆளு இல்லையா நீ?" என்று வரிசையில் நின்ற ஜோனைக் கேட்டார் க்ளைவ்.

ஜோன் பொறுமை இழந்தாள். "என் கதவுல யாரோ எழவு வளையம் மாட்டிட்டுப் போயிருக்காங்க. ஓக் இலையில."

அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய ஆள் நின்றான். சரக்குக் கிடங்கில் வண்டி ஓட்டுபவன். அவன் தலையில் காது வரைக்கும் ஓர் ஓக் இலை வளையம் இறங்கியிருந்தது. பத்து நிமிஷமாக மொத்த வரிசையும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தன் தலையில் காடே முளைத்திருந்தாலும் இந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள்.

"எனக்கும் மாட்டியிருக்காங்க," என்றான் அவன். "நான் சாகலையே."

ஜோன் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க பேரு என்னம்மா?"

"ஜோன்."

"நான் யோனாஸ். ரெண்டும் யோவான் பேருதான். இன்னிக்கு யோவான் திருநாள். எங்க லித்துவேனியாவுல அந்தப் பேரு உள்ளவங்க கதவுல ஓக் வளையம் கட்டுவோம், நல்லா இருக்கணும்னு." அவன் தலையிலிருந்ததைச் சரிசெய்துகொண்டான். "வேண்டியவங்களுக்குத்தான் கட்டுவோம்."

"எப்பக் கட்டுவீங்க?"

"விடியிறதுக்குள்ள."

ரசாவைப் பண்ணைக்குக் கூட்டிப்போகும் வேன் விடிகாலை நாலு மணிக்கு வரும். அதற்கு முன்னால் கட்டியிருக்கிறாள். ஓட்டு முடிவே தெரியாத நேரம். ஜோன் மீனை வாங்காமலே வெளியே போனாள்.

5

இங்கே என் கையில் இரண்டு முடிவுகள் இருந்தன.

முடிவு ஒன்று: இருவரும் கட்டிப்பிடித்து அழ, தெரு கைதட்ட... (எங்கள் தெரு கைதட்டாது. திரைச்சீலையை விலக்கிப் பார்க்கும்.)

முடிவு இரண்டு: ரசா தொட்டியில் இலைகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போகிறாள். இலையுதிர் காலத்தில் அந்த வாசலில் சாமான் ஏற்றும் லாரி... (இது பத்திரிகைக்காரர்களின் முடிவு. அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.)

நடந்தது வேறு. ஆறரைக்கு வேன் வந்து நின்றபோது ஜோன் தன் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். மடி நிறைய வாடிய இலைகள், கையில் சமையலறைச் சணல். ரசா சேற்று பூட்ஸோடு இறங்கி நின்று பார்த்தாள்.

"அது நான் கட்டினது."

"ஆமா கண்ணு. நான்தான் பிச்சுப் போட்டேன். செத்தவங்களுக்கு வைக்கிறதுன்னு நினைச்சுட்டேன்."

"செத்தவங்களுக்கா?" ரசா களைப்பாகச் சிரித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "முடிச்சுப் போட்டா நிக்காது ஜோன். காம்பைப் பின்னணும். குடுங்க."

ஜோன் ஒவ்வொரு இலையாக எடுத்துக் கொடுக்க, ரசா பின்னினாள். ஓட்டைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஜோன் அதோடு விட்டிருக்கலாம். நானாக இருந்தால் விட்டிருப்பேன். இப்படிப்பட்ட இடங்களில் வாயை மூடிக்கொண்டுதான் பத்தொன்பது வருஷத்தை ஓட்டியிருக்கிறேன்.

ஜோன் சொன்னாள்: "ரசா, வெளியேறணும்னுதான் நான் போட்டேன்."

ரசாவின் கை நின்றது.

அவள் பதில் சொன்னாள். எதிரே மீன் பொட்டலம் ஆறிக்கொண்டிருக்க நான் நின்றிருந்தேன், ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆனால் எழுதமாட்டேன். அந்த வாரம் என்னையே இரண்டு பேர் "எப்ப ஊருக்குப் போறே?" என்று கேட்டிருந்தார்கள். நான் எழுதினால் ரசா என் வாயால் பேசுவாள். அது அவளுக்குச் செய்யும் நியாயம் இல்லை.

நீங்கள் எழுதுங்கள். எவ்வளவு கடுமையாகவும் எழுதலாம், அவளுக்கு அந்த உரிமை உண்டு. ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், அது நான் கண்ணால் பார்த்தது. பேசி முடித்ததும் ரசா அடுத்த இலைக்காக ஜோனிடம் கையை நீட்டினாள்.