பாதத்துக்கு அடியில் ஒரு தையல்

அந்தப் பட்டறையில், யாருடைய பூட்ஸ் நாறுகிறது என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. அது எவரும் எழுதிவைத்த விதியல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே, மற்றவர்கள் எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்பதைக் கவனித்து ஒவ்வொருவரும் கற்றுக்கொண்டது. துருவத்தை ஒட்டிய குளிர்நாட்டில், ஔலு நகரின் வடக்கோரத்தில் பம்புகளைப் பழுதுபார்க்கும் இடம் அது. பதினான்கு பேரில் ஒன்பது பேர், குளிர் பூஜ்யத்துக்கு இருபத்தைந்து பாகை கீழே போனாலும், பனியில் வழுக்காத ஆணி டயர் மாட்டிய சைக்கிளில்தான் வருவார்கள். மாடிப்படிக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடும் சிறிய அறை ஒன்று உண்டு. வியர்வையும் உருகிய பனியுமாக வரும் பூட்ஸ்கள் காலையில் அங்கே தட்டில் ஏறும்; மாலையில் உலர்ந்து இறங்கும். நாற்றம் அளவு மீறினால் கதவில் ஒரு தாள் ஒட்டப்படும். அதில் பெயர் இருக்காது. உரியவர் படித்துத் தெரிந்துகொள்வார்.

ஜனவரி இரண்டாம் வாரத்தில் ஒரு தாள் வந்தது. ‘இந்த அறை நம் எல்லோருக்கும் பொதுவானது என்பதை அன்புடன் நினைவூட்டுகிறோம்.’ இல்போ அதை இரண்டு முறை படித்தார். தனக்குத்தான் என்பது முதல் முறையிலேயே புரிந்துவிட்டது.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு இது முதல் தாள். பதினோரு குளிர்காலங்களாக அதே பூட்ஸ்தான். ஒரு நாளும் நாறியதில்லை. தன் காலுக்கு வியர்க்கும் வழக்கமே இல்லையென்று சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் உட்கார்ந்து பெருமையடித்துக்கொண்டவர் அவர். “உனக்கு வேர்க்காது. நீ வேல செஞ்சாத்தானே வேர்க்கும்” என்று அடுத்த மேசைக்காரன் துவோமோ அப்போது மடக்கியிருந்தான்.

மனைவி ஹெலினா அக்டோபரில் இறந்தாள். மூன்று வாரம் கழித்து முதல் பனி விழுந்தபோது, பூட்ஸ் எப்போதும்போல அலமாரியில் துடைத்துத் தயாராக இருந்தது. இல்போ அதைக் காலில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். டிசம்பர் பாதியில் ஒரு மாதிரி வாடை வந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு அதை வாடை என்று சொல்ல முடியவில்லை.

தாள் ஒட்டப்பட்ட அந்த வாரச் சனிக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனார். கல்லாவில் இருபது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். நாற்றம் என்ற சொல்லை அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“பூட்ஸ் சரியா காய மாட்டேங்குது.”

“உள்ள பாதத்துக்கு அடியில இருக்கிற மெத்தைய வெளிய எடுத்துத்தானே காய வைக்கிறீங்க?”

“அது கழண்டு வருமா?”

“வருமே. தெனமும் எடுக்கணும். இல்லன்னா அடியில ஈரம் நின்னு ஊறிப் போயிடும். சூட்டுல வச்சா இன்னும் மோசம், வெந்துபோன மாதிரி ஆயிடும். எத்தன வருஷமா போடுறீங்க?”

“பதினொன்னு.”

அவள் பூட்ஸைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். “பதினோரு வருஷமா எடுக்காம இருந்திருந்தா இது இந்நேரம் அழுகியிருக்கும். வீட்ல யாரோ எடுத்துட்டு இருந்திருக்காங்க” என்றாள், சாதாரணமாக.

இல்போ தலையாட்டினார். கையுறையைத் தேடுவதுபோல வெகுநேரம் சட்டைப்பைகளைத் துழாவிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாலையில் வந்ததும் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு அவர் சவுனாவுக்குப் போவார். காலையில் அதே இடத்தில் அது உலர்ந்திருக்கும். உலர்வது பூட்ஸின் இயல்பு என்றே அத்தனை வருடமும் நினைத்திருந்தார்.

மெத்தையின் நுனியை நகத்தால் நெம்பினார். உரிந்து வந்தது. அதன் அடியில், குதிகால் பள்ளத்தில், தட்டையான துணிப்பை ஒன்று இருந்தது. அவருடைய பழைய இரவுச்சட்டையின் நீலக்கோடு போட்ட துணி. மற்றக் கால் பூட்ஸிலும் ஒன்று. விரலால் அழுத்தினார், உள்ளே நாற்றத்தை உறிஞ்சும் சமையல் சோடா. ஈரத்தையும் வியர்வையையும் குடித்து, மஞ்சளித்து, கல்லாக இறுகியிருந்தது. மூன்று பக்கமும் தையல் எறும்பு வரிசையாக ஓடியது. நான்காவது பக்கத்தில் மட்டும் கோணி, இழுத்து, ஓரிடத்தில் இரண்டு முறை குத்திப் பிரித்துக் குத்தியிருந்தது. செப்டம்பரில் அவள் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. காப்பிக் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் பிடித்தாள். அந்தக் கையால்தான் பனி விழுவதற்கு முன்பே இதைத் தைத்து வைத்திருக்கிறாள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பையை மூக்கருகே கொண்டுபோனார். வேறொரு வாசனை கிடைக்கும் என்று நினைத்துத்தான் செய்தார். கிடைக்கவில்லை. அவருடைய காலின் நாற்றம் மட்டுமே அதில் நிறைந்திருந்தது.

கடைக்காரப் பெண் கடைசியாகச் சொல்லியனுப்பியதையெல்லாம் செய்தார். மெத்தையை வினிகர்த் தண்ணீரில் ஊறவைத்து அலசினார். பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்து இரண்டு மணிக்கொருமுறை மாற்றினார். பழைய சோடாவைக் கொட்டிப் புதிதாக நிரப்ப வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அதற்குத் தையலைப் பிரிக்க வேண்டும். கத்தரிக்கோலை எடுத்தார், வைத்தார். திங்கட்கிழமை காலையில் பைகளை இருந்தபடியே உள்ளே வைத்து, மேலே மெத்தையைப் போட்டு மூடினார்.

புதன்கிழமைக்குள் எல்லாம் பழையபடி ஆனது. இரண்டாவது தாள் முதல் தாளைவிட மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. தட்டில் மற்ற எட்டு ஜோடிகளும் ஒரு கோடிக்கு நகர்ந்திருந்தன. இல்போவின் ஜோடி மறு கோடியில் தனியாக நின்றது. துவோமோ எப்போதும்போலச் சிரித்துப் பேசினான், ஆனால் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு.

வியாழக்கிழமை பூட்ஸைத் திருப்பிவைக்க இறங்கியபோது, படிக்கு அடியிலிருந்து பேச்சுக்குரல் கேட்டு நின்றார்.

“உள்ள ஒரு நரி செத்துக் கெடக்குது.” அது கைசு, கணக்குப் பிரிவுக்காரி.

“செத்த நரி இதுக்கு எவ்வளவோ தேவல” என்றான் துவோமோ.

“அப்ப தாள் ஒட்டுறத விட்டுட்டு அவன்கிட்டயே போய்ச் சொல்லு. பத்தொன்பது வருஷமா பக்கத்துல உக்காந்திருக்க.”

“பொண்டாட்டிய மண்ணுல வச்சு மூணு மாசம் ஆகல. அவன்கிட்டப் போயி, உன் பூட்ஸ் நாறுதுன்னா? அன்னிக்குக் கல்லறையிலகூட அவன்கிட்ட ஒரு வார்த்த பேச எனக்கு வாய் வரல.”

“எனக்கும்தான்” என்றாள் கைசு.

இல்போ சத்தமில்லாமல் மேலே ஏறிப்போனார்.

நினைத்துப் பார்த்தார். அடக்கம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய நாளில் மேசைமேல் ஹெலினாவுக்கு அஞ்சலியாக ஒரு மெழுகுவர்த்தி இருந்தது. எல்லோரும் அவர் தோளைத் தொட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஹெலினா என்ற பெயரை இந்தக் கட்டடத்தில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. அவரும் உச்சரிக்கவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக் காப்பிக்குப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். ஏலக்காய் ரொட்டி தட்டில் இருந்தது. இல்போ பூட்ஸோடு வந்தார். உட்காரவில்லை. மெத்தையை உரித்து, இரண்டு பைகளையும் வெளியே எடுத்து, ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நாற்றம் மேசை முழுக்கப் பரவியது. யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. அந்தப் பழக்கம் அவ்வளவு ஆழமானது.

“நாறுறது என்னோடதுதான்” என்றார் இல்போ. “உங்க எல்லாருக்கும் தெரியும்.”

கைசு கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துவோமோ, “விடு இல்போ, ஒண்ணுமில்ல” என்றான்.

“ஒண்ணுமில்லன்னு சொல்லாத. நாறுது. இது ஹெலினா தச்சது. ஹெலினா. கை நடுங்க நடுங்கத் தச்சிருக்கா. இந்தப் பக்கத்தப் பாரு, நூல் எப்படிக் கோணிக்கிட்டுப் போகுதுன்னு. பிரிச்சு உள்ள இருக்கிறத மாத்தினா நாத்தம் போயிடும். பிரிச்சா தையல் போயிடும். அவ கடைசியாச் செஞ்சது இது ஒண்ணுதான். என்னால பிரிக்கவும் முடியல, இதோட இங்க வரவும் முடியல.” அவர் நிறுத்தவில்லை. “அவ இருந்தப்ப எனக்கு நாறும்னே எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம். துவோமோ, தாள் ஒட்டாத. நாறுதுன்னா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”