வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டிய பெயர்

1924ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் தேதி, அங்காராவில் கூடிய துருக்கி தேசிய சபை, முஸ்லிம் உலகின் தலைவர் எனக் கருதப்பட்ட கலீஃபாவின் பதவியான கிலாபத்தை ஒழித்துச் சட்டம் இயற்றியது. கலீஃபா அப்துல் மஜீத் மறுநாள் பொழுது விடிவதற்குள் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் தொப்பிக் கடை வைத்திருந்த வலியுல்லாவுக்கு இந்தச் செய்தி புதன்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவன் பக்கத்து சோடாக் கடைப் பஞ்சாட்சரம்.

"இன்னா பாய், உங்க ராஜாவ ராவோட ராவா தொரத்திட்டானுங்களாமே? பேப்பர்ல போட்டுக்கீது."

"எந்த ராஜா?"

"அதான் பாய், கலீஃபா. வெள்ளக்காரன்தான் தொரத்தினான்னு பார்த்தா, இல்லயாம். துருக்கிக்காரனேவாம்." பஞ்சாட்சரம் குண்டு சோடாவைத் தட்டி உடைத்து அவரிடம் நீட்டினான். "அப்ப நாம அன்னிக்கு அவருக்காவ ஹர்த்தால்னு இன்னாத்துக்கு பாய் கடைய மூடினோம்?"

வலியுல்லா சோடாவை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். குடிக்கவில்லை.

கடைக்குப் பின்னால் சந்துக்குள் இருந்த சிறிய பள்ளிவாசலுக்கு அவர்தான் கத்தீப். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்கு முன்னால் மிம்பர் மேடையில் ஏறிக் குத்பா பிரசங்கம் ஓதுவது அவர் பொறுப்பு. குத்பாவின் இரண்டாம் பாதியில் கலீஃபாவின் பெயரைச் சொல்லி அவருக்காக இறைவனிடம் துவா கேட்பது வழக்கம். முன்பெல்லாம் அதை யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொண்டதில்லை. காங்கிரசும் கிலாபத் கமிட்டியும் கைகோத்த பிறகுதான் அந்தப் பெயருக்குப் புது மவுசு வந்தது. அதைக் கேட்பதற்கென்றே கோயில் மாட வீதி ஆட்கள் பள்ளிவாசல் வாசலில் வந்து நின்ற நாட்கள் உண்டு. அந்த நாட்களில்தான் அவருடைய மகன் ஷரஃபுதீன் இங்கிலாந்து இளவரசர் வருகையை எதிர்த்து மறியல் செய்து, மேடையேறிப் பேசி, இரண்டு வருஷம் கடுங்காவல் வாங்கினான். வேலூர் ஜெயிலிலிருந்து வியாழக்கிழமை விடுதலை.

மகன் வியாழக்கிழமை வருகிறான். பெயர் வெள்ளிக்கிழமை வருகிறது. வலியுல்லா கடைக்குள் உட்கார முடியாமல் எழுந்தார். எழுந்தவர் எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

மத்தியானம் முத்தவல்லி ஷாஹுல் ஹமீது தாமே கடைக்கு வந்தார். தோல் மண்டிக்காரர். பள்ளிவாசல் அவர் நிர்வாகத்தில்தான் நடந்தது. அங்கே தொழுகிறவர்களில் பலர் அவருடைய மண்டியில் வேலை செய்கிறவர்கள்.

"கத்தீப் சாயபு, நாளன்னிக்கு அந்தப் பேர எடுத்துடுங்க."

"எடுத்துட்டு எந்தப் பேர வைக்கிறது?"

"எதுவும் வாணாம். செத்து மௌத்தானவங்களுக்கு துவா கேக்கலாம். வேலையிலேர்ந்து நீக்கினவனுக்குக் கேட்டா நல்லாவா கீது? எதிர்ல சி.ஐ.டி.க்காரன் பீடி பிடிச்சுக்கினு குந்திக்கினு இருக்கான். சொன்னீங்கன்னா நானும் என் ஆளுங்களும் எழுந்து போய்க்கினே இருப்போம். அப்புறம் உங்க இஷ்டம்."

அது வெறும் மிரட்டல் அல்ல. அந்தப் பள்ளிவாசலில் ஷாஃபி வழக்கம். நாற்பது ஆண்கள் குத்பாவை இருந்து கேட்டால்தான் ஜும்மா கூடும். ஒரு தலை குறைந்தாலும் அன்றைக்கு மற்ற நாட்களைப் போல வெறும் நண்பகல் லுஹர் தொழுகைதான். முஸ்லிம் வீடுகள் அதிகமில்லாத சின்ன மஹல்லா. மழை நாளில், பாங்கு சொல்லும் மோதினார் மீன் மார்க்கெட் வரை ஓடி ஆள் பிடித்து வந்ததும் நடந்திருக்கிறது.

சாயங்காலம் வலியுல்லா மாட வீதியில் வக்கீல் வீட்டுக்குப் போனார். ஷரஃபுதீன் பேசிய அதே மேடையில் பேசியவர் வக்கீல் ஸ்ரீனிவாசராகவன். கைதிகள் திரும்பும்போது ரயிலடியில் தாமே மாலை போடுவதாகக் கூட்டத்தில் சொன்னவரும் அவர்தான்.

"வாங்கோ வலியுல்லா. நாளைக்கா வரான்? அடடா! ஹைகோர்ட்ல அப்பீல் ஒண்ணு இருக்கே."

"ஒத்துழையாமைன்னு கோர்ட்டுக்குப் போறதில்லன்னு சொன்னீங்களே, சாமி?"

"போக ஆரம்பிச்சு மாசக்கணக்காறது. ஆத்துல எத்தனை நாள் கையைக் கட்டிண்டு உக்காந்திருக்கறது?"

"குத்பாவுல பேர சொல்றதா வாணாமான்னு ஒரே ரோதனையா கீது சாமி. அன்னிக்கு பீச்சுல நீங்கதான் சொன்னீங்க. கிலாபத்தும் சுயராஜ்யமும் ஒரே வண்டில பூட்டின ரெண்டு மாடுன்னு."

"சொன்னேன். இப்போ ஒரு மாடு படுத்துண்டுடுத்து. வண்டிக்காரன் என்ன பண்ணுவான்?"

"எறங்கி நடப்பான், சாமி" என்று சொல்லிவிட்டு வலியுல்லா வெளியே வந்தார்.

மறுநாள் சென்ட்ரலுக்கு அவர் மட்டும் போனார். ஷரஃபுதீன் இளைத்துக் கறுத்திருந்தான். டிராமில் வரும்போது விஷயத்தை எப்படி எடுப்பது என்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். மவுண்ட் ரோடு திரும்பியதும் அவனே சொன்னான்:

"தெரியும் அத்தா. ஜெயில் வார்டர் வந்து சிரிச்சிக்கினே சொன்னான்."

வீட்டில் வலியுல்லாவின் மனைவி நஸ்ருன்னிசா கறி ஆக்கி வைத்திருந்தாள். மகன் சோற்றில் கை வைக்குமுன் அப்பனைப் பார்த்தான்.

"நாளைக்கு அந்தப் பேர சொல்வீங்கல்ல?"

"மொதல்ல புள்ள துன்னட்டும். கலீஃபாவ அப்புறம் வச்சுக்கலாம்" என்றாள் நஸ்ருன்னிசா.

"கலீஃபாவே இல்லையேடா" என்றார் வலியுல்லா. "அவங்க நாட்டுலயே வாணான்னுட்டாங்க."

"அவங்க வாணான்னா அவங்களோட. நாம வாணான்னோமா? உள்ள என் பக்கத்து அறைல முருகையன்னு ஒர்த்தன். சைதாப்பேட்ட பையன். கலீஃபான்னா ஆளா ஊரான்னு அவனுக்குத் தெரியாது. நான் கோஷம் போட்டேன்னு கூடவே போட்டான். எனக்கு விழுந்த அடி அவனுக்கும் விழுந்துச்சு. நீங்க நாளைக்கு அந்தப் பேர முழுங்கிட்டீங்கன்னா அவன் இன்னாத்துக்கு அடி வாங்கினான்?"

வலியுல்லா சோற்றுத் தட்டை மகன் பக்கம் நகர்த்தினார்.

"பேர் வரலன்னா பாதில எழுந்துடுவேன். என் கூட்டாளிப் பசங்களும் எழுந்துடுவாங்க. அப்புறம் இந்த வூட்டுப் படி ஏற மாட்டேன்."

"சோத்து மேல கைய வச்சுக்கினு இன்னா பேச்சுடா இது!" என்றாள் நஸ்ருன்னிசா. குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்டாள்.

சொன்னால் தோல் மண்டிக்காரர்கள் போவார்கள். சொல்லாவிட்டால் மகனும் அவன் கூட்டாளிகளும் போவார்கள். எப்படியானாலும் ஜும்மா உடையும் என்பது வலியுல்லாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் மனம் அடங்கவில்லை. பெயரைச் சொல்லாமல் பட்டத்தை மட்டும் சொல்லிவிட்டால் என்ன என்று பார்த்தார். குரலைத் தாழ்த்தி மென்று விழுங்கிவிடலாமா என்றும் பார்த்தார். ஷரஃபுதீனின் காது கூர்மையானது. ஷாஹுல் ஹமீதுடையது அதைவிடக் கூர்மையானது.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் நிரம்பியிருந்தது. ஷாஹுல் ஹமீது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஷரஃபுதீன் மூன்றாவது வரிசையில், கூட்டாளிகளுக்கு நடுவே இருந்தான். வலியுல்லா மோதினாரிடம் கைத்தடியை வாங்கிக்கொண்டு மிம்பரில் ஏறினார். முதல் பாதி வழக்கம் போல் போயிற்று. சிறிது உட்கார்ந்து மறுபடி எழுந்தார். ஓத ஓத, வர வேண்டிய இடம் நெருங்குவது நாக்குக்கே தெரிந்தது. மூன்றாவது வரிசையைப் பார்த்தார். மகனுடைய மணிக்கட்டில் விலங்கு தேய்த்த தழும்பு இருந்தது. நேற்று டிராமிலும் வீட்டிலும் பெயரையே நினைத்துக்கொண்டிருந்ததில் அது அவர் கண்ணில் படவில்லை.

அவர் பெயரைச் சொன்னார். அப்துல் மஜீத் என்று, எப்போதும் சொல்கிற குரலில்.

ஷாஹுல் ஹமீது எழுந்தார். குத்பா நடக்கும்போது பேசக் கூடாது என்பதால் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவருக்குப் பின்னால் மண்டி ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து, குனிந்து, வரிசைகளுக்கு இடையே நடந்து போனார்கள். வலியுல்லா கடைசி வரை ஓதி முடித்தார். மோதினார் விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு நிமிர்ந்து வலியுல்லாவைப் பார்த்து, நாற்பது இல்லை என்று தலையை ஆட்டினார்.

ஜும்மா கூடவில்லை. வலியுல்லா கீழே இறங்கி லுஹர் தொழவைத்தார். ஷரஃபுதீன் முன்னால் வந்து அவருக்கு நேர் பின்னால் நின்று தொழுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஷாஹுல் ஹமீது திருவல்லிக்கேணியிலிருந்து வேறு கத்தீபை அழைத்து வந்தார். குத்பாவில் எந்தப் பெயரும் வரவில்லை. ஆட்கள் நாற்பதுக்கு மேல் இருந்தார்கள். வலியுல்லா நடு வரிசையில் உட்கார்ந்து கேட்டார். ஷரஃபுதீன் வீட்டில் இருந்தான். பள்ளிவாசலுக்கு வரவில்லை.