வரைந்தவர்: கோசோங்

விடியற்காலை ஐந்தரைக்கே நாங்கள் இருவரும் மேசைமேல் கவிழ்ந்திருப்போம். வேலைமேல் அவ்வளவு பக்தியா என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். நாங்கள் கட்டடப் பிளான் வரையும் டிரேசிங் துணிக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். அதன்மேல் ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் அந்த இடம் வெளுத்துச் சுருங்கிவிடும், மசி பிடிக்காது. மூன்று நாள் வேலை அந்த ஒரு சொட்டில் போய்விடும். காத்தாடி போட்டால் தாள் பறக்கும் என்று சொல்லி முதலாளி காத்தாடியே வாங்கவில்லை. ஆகையால் மலாக்காவின் காஜா பெராங் வீதியில் வெயில் ஏறுவதற்குள் மசி வேலையை முடித்தாக வேண்டும். மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, ரூலிங் பேனாவால் கோடு இழுப்போம். ஒன்பது மணிக்குக் கழுத்து நிமிராது, கண் எரியும்.

காப்பிக்கடைக்கு மேல்மாடிதான் எங்கள் ஆபீஸ். வாசல் பலகையில் பொன்னுதுரை என்ற பெயர் மட்டும் இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர், நகராண்மைக் கழகத்துக்குக் கட்டடப் பிளான் கொடுக்கும் உரிமம் வைத்திருப்பவர். பிளான் போடுகிறவர்கள் நானும் தம்பிராஜாவும்.

ஒவ்வொரு பிளானின் கீழ்மூலையிலும் மூன்று கட்டங்கள் உண்டு. வடிவமைத்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர். முதல் கட்டத்திலும் மூன்றாவதிலும் பொன்னுதுரை தன் பெயரின் இரண்டெழுத்தைப் போடுவார். நடுக்கட்டம் காலியாகவே கிடக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது தம்பிராஜா போய் நின்று, தன் எழுத்தை அதில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்பான். "அது கோசோங்காவே இருக்கட்டும்" என்பார் முதலாளி. கோசோங் என்றால் காலி. கீழே காப்பிக்கடையில் சீனி போடாத காப்பிக்கும் அதே பெயர்தான். கடைக்காரர் எங்களைப் பார்த்தாலே, "ரெண்டு கோசோங் வந்தாச்சு" என்று சத்தம் கொடுப்பார். நாங்களும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டே உட்காருவோம்.

தம்பிராஜா மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாயே பேச்சாகிப்போன வம்சம். எங்கள் ஆபீஸிலிருந்து கூப்பிடு தூரத்தில், கம்போங் தூஜோவில் அவன் வீடு. நெற்றியில் விபூதி இருக்கும், வாயில் மலாய்தான் வரும். நான் அவனோடு ஒன்பது வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். ஒருநாளும் அவன் வீட்டுக்குப் போனதில்லை. ஊரில் மூன்று வரைபட ஆபீஸ்கள், எங்களையும் சேர்த்து வரைகிறவர்கள் எட்டுப் பேர். தமிழர் தமிழரோடு பேசுவோம், செட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். தாய்மொழி தெரியாதவன் என்று அவன் காதுபடவே கேலி செய்திருக்கிறேன். அவனுக்குப் புரியாது என்ற தைரியம்தான்.

மெர்டேக்கா கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தெருவெல்லாம் கட்டிய கொடி இன்னும் வெளுக்கவில்லை. எங்கள் மாடிக்கு மட்டும் சுதந்திரம் வந்த தகவல் இன்னும் எட்டவில்லை.

அந்த மாதத்தில்தான் செமாபோக்கில் நாங்கள் பிளான் போட்ட கடைவரிசையின் முன்னால் நீட்டியிருந்த கான்கிரீட் சாய்ப்பு இடிந்து விழுந்தது. முட்டுக்கொடுத்த மரங்களை உருவிய அன்றே விழுந்தது. கீழே மணல் சுமந்துகொண்டிருந்த ஒரு பெண் அந்த இடத்திலேயே செத்துப்போனாள். பத்திரிகையில் 'இந்தியப் பெண் கூலி ஒருவர்' என்று இரண்டு வரி வந்தது.

படித்ததும் பத்திரிகையை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். காரணம் இருக்கிறது. அந்தச் சாய்ப்புக்குத் தம்பிராஜா ஆறு கம்பி வரைந்திருந்தான். நகராண்மை ஒப்புக்கொண்டதும் ஆறு கம்பிக்குத்தான். அதற்குப் பிறகு ஒருநாள், அவன் லீவில் இருந்தபோது, முதலாளி துணியை என் மேசையில் விரித்து, "ரெண்டு கம்பியைச் சுரண்டும். காண்ட்ராக்டர் நாலு போதுமெண்டு சொல்லுறார்" என்றார். நான் பிளேடை எடுத்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மசியைச் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, நாலு கம்பியாக்கிக் கொடுத்தேன். சுத்தமான வேலை என்று முதலாளி மெச்சினார். அந்த மெச்சலுக்கு நான் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை விசாரணை. மூலத் துணியைக் கொண்டுவரச் சொல்லி நகராண்மையிலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை காலையில் காண்ட்ராக்டர் வந்து முதலாளியின் அறைக்குள் உட்கார்ந்தார். நடுவில் பலகைத் தடுப்பு மட்டும்தான். உள்ளே பேசியது அத்தனையும் எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. ஆனால் புரிந்தது எனக்கு மட்டும்.

"துணியில சுரண்டின அடையாளம் இருக்குமே, என்னா சொல்றது?" என்றார் காண்ட்ராக்டர்.

"வரைஞ்சவன் பிழையா மாத்திப்போட்டான் எண்டு சொன்னாச் சரி. நடுக்கட்டத்தில அந்தச் செட்டியின்ர எழுத்து இருக்கோணும். அவ்வளவுதான்."

"அவன் போடுவானா?"

"இத்தனை வருசமாக் கேட்டுக்கொண்டு நிக்கிறான். சந்தோசமாப் போடுவான். அவனுக்குத் தமிழும் விளங்காது."

நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். தம்பிராஜா பேனா முனையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

முதலாளி துணியோடு வெளியே வந்தார். மலாயில், தேனாகப் பேசினார். இனி நாடு நம்முடையது, உழைத்தவன் பெயர் பிளானில் இருக்க வேண்டும், முதல் எழுத்து உன்னுடையதாக இருக்கட்டும், பழைய தேதியே போடு என்றார். தம்பிராஜாவின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. முப்பத்தெட்டு வயது மனிதன், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிறவனைப் போல எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பேனாவில் மசியை நிரப்பினான். மேசையில் முழங்கையை ஊன்றினான்.

பேசினால் என் தலை போகும், பேசாவிட்டால் அவன் தலை. நான் யோசித்தேன் என்பதுதான் உண்மை. ஒரு கோடு இழுக்கும் நேரம் யோசித்தேன்.

"ஜங்ஙான் சைன்" என்றேன். மலாய் கேட்டால் புரியும், பேச வராது; போடாதே என்று சொல்ல எனக்கு வந்தது அவ்வளவுதான். பிறகு கையாலும் காட்டினேன். ஆறு விரல், நாலு விரல், என் நெஞ்சு, பிளேடு.

தம்பிராஜா துணியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். தான் வரைந்த ஆறு கம்பியில் இரண்டு இருந்த இடத்தில் துணி மெலிந்து தெரிந்தது. அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"கலியாணசுந்தரம், உமக்கு இதில என்ன வேலை?" என்றார் பொன்னுதுரை.

"சுரண்டினது நான்தானேங்க ஐயா."

"வாயைப் பொத்தும். உம்மட பேரை ஆராவது கேட்டவையோ? எங்கட ஆள் எண்டு உம்மைக் காப்பாத்துறன். அவன் ஆர்? தமிழ் தெரியாதவன்."

"தமிழ் தெரியாதவன் போட்ட ஆறு கம்பிதான் ஐயா சரி. தமிழ் தெரிஞ்ச நாம சேந்துதான் அத நாலாக்கினோம்."

காண்ட்ராக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு மெல்ல நழுவினார். முதலாளி துணியைப் பிடுங்கிச் சுருட்டினார்.

"அவன் போடாட்டி அவன்ர எழுத்தை நானே போடுவன். உங்கட சொல்லை ஆர் நம்பப்போயினம்? ரெண்டு பேரும் இனி இந்தப் படி ஏறவேண்டாம். இந்த ஊரில செங்கில இருந்து உஜோங் பாசிர் மட்டும் ஒருத்தன் உங்களுக்கு மேசை தரமாட்டான்."

தம்பிராஜா எனக்கு முன்னால் படியிறங்கினான். தெருவில் வந்து நின்று, ஏன் சுரண்டினாய் என்று மலாயில் கேட்டான். பதில் சொல்ல எனக்கு மொழி தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். மேலே முதலாளியின் ஜன்னலைக் கையால் காட்டினேன்; அது பதிலாகாது என்று எனக்கே தெரிந்தது. அவன் கொஞ்ச தூரம் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்து, வா என்று கையசைத்தான். அப்படித்தான் முதல் தடவையாக அவன் வீட்டுக்குப் போனேன்.

முதலாளி போடப்போகும் பொய் எழுத்தை எதை வைத்து உடைப்பது? யோசித்துச் சொன்னது தம்பிராஜாதான். இந்த ஊரில் எந்த ஆபீஸ் துணியிலும் நடுக்கட்டத்தில் எழுத்தே கிடையாது. இதில் மட்டும் இருந்தால் அது எப்படி வந்தது என்று எட்டுப் பேரும் போய்ச் சொல்ல வேண்டும். எட்டுப் பேரும் வந்தால்தான் நிற்கும்.

ஞாயிறு மத்தியானம் அவன் வீட்டு முன்னறையில் எட்டுப் பேரையும் கூட்டினோம். பாதிப் பேர் கழுத்துப்பட்டையோடு வந்திருந்தார்கள். தமிழில் ஒருவர் பேச, மலாயில் ஒருவர் திருப்பிச் சொல்ல, இடையில் இங்கிலீஷ் வந்து விழ, பாதி வாக்கியம் கையசைப்பிலேயே போனது. மூத்தவரான கருணாகரன் முகம் கடுகடுத்திருந்தது.

"நாம பென்சில் பிடிக்கிறவங்கய்யா. கூலிக்காரன் மாதிரிக் கும்பல் சேந்து போய் நின்னா மரியாதையா இருக்குமா? நாளைக்கு எந்த ஆபீஸ்ல நம்மள வெப்பான்?"

"இப்ப மட்டும் மரியாதையா வெச்சிருக்கானாண்ணே?" என்றேன். "பன்னெண்டு வருசமா அந்தக் கோர்ட்டு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் நீங்க போட்டது. ஒண்ணுலயாச்சும் உங்க எழுத்து இருக்கா?"

"எழுத்து இல்லாட்டியும் சோறு இருந்துச்சு தம்பி."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்போது தம்பிராஜா மலாயில் கேட்டான், செத்துப்போன பெண்ணின் பெயர் என்ன என்று. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். படித்த மனிதர்கள் எட்டுப் பேர், ஒருவருக்கும் தெரியவில்லை. கருணாகரன் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். "எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை எட்டுப் பேரில் ஐந்து பேர்தான் வந்தோம். மூன்று பேருக்குத் திடீரென்று காய்ச்சல் கண்டுவிட்டது. திட்டத்தான் தோன்றியது. ஆனால் ஒரு கோடு இழுக்கும் நேரம் நானும் காய்ச்சல்காரனாக இருந்தவன்தானே.

நகராண்மைக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் பத்துப் பதினைந்து பேர் குந்தியிருந்தார்கள். செமாபோக்கில் மண் சுமந்தவர்கள். கால் நகத்தில் இன்னும் சிமெண்டு ஒட்டியிருந்தது. அவர்களை உள்ளே விட மறுத்திருந்தார்கள். நடுவில் இடுப்பில் சாரம் கட்டிய ஒரு பெண் எங்கள் கழுத்துப்பட்டைகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் பிளான் போட்டவங்களா?"

"ஆமாங்க்கா."

"நான் அஞ்சலை. செத்தது என் தங்கச்சி, கண்ணம்மா. அது எப்படிய்யா விழுந்துச்சு? ஒவ்வொருத்தனும் ஒவ்வொண்ணு சொல்றான்."

தம்பிராஜா என்னைப் பார்த்தான். அவனுக்குக் கேள்வி புரிந்ததோ இல்லையோ, பதில் சொல்ல வேண்டியவன் யார் என்று தெரிந்திருந்தது.

"ஆறு கம்பி போடவேண்டிய எடத்துல நாலு போட்டாங்க. இவரு ஆறுதான் வரஞ்சாரு. மொதலாளி சொல்லி, ரெண்டச் சுரண்டினது நான்."

கூட்டத்தில் ஒருவன் எழுந்தான். அஞ்சலை கையைக் காட்டி அவனை உட்கார வைத்தாள். அவள் என்னை அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உள்ள போயும் இதையேதான் சொல்லுவியா? இல்ல, அங்க போயி வேற மாதிரி பேசுவியா?"

"இதையேதான் சொல்லுவேங்க்கா."

"அக்கான்னு கூப்புடாத. மொதல்ல போயி சொல்லு."

கதவு திறந்தது. குமாஸ்தா எட்டிப் பார்த்து, பிளான் ஆபீஸ்காரர் ஒருவர் வந்தால் போதும், மற்றவர்கள் வெளியே நிற்கட்டும் என்று மலாயில் சொன்னார். உள்ளே பொன்னுதுரை சுருட்டிய துணியோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தம்பிராஜா கதவில் கையை வைத்தான்.

"செமுவா" என்றான். எல்லாரும்.

"அவங்களுமா?" என்று குமாஸ்தா தரையில் குந்தியிருந்தவர்களைக் காட்டினார்.

"செமுவா."

குமாஸ்தா கதவைச் சாத்தப் பார்த்தார். கருணாகரன் தன் பளபளத்த சப்பாத்துக் காலை நீட்டி நிலைப்படியில் வைத்துக்கொண்டார். அந்தச் சொல்லை அஞ்சலைக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அவள் எழுந்து சாரத்தைத் தட்டிவிட்டு, எங்களைத் தாண்டி முதல் ஆளாக உள்ளே போனாள். நாங்கள் அவள் பின்னால் போனோம்.