வெட்டிய லேபிள்கள்

துடியலூர்ச் சபையில் கயல்விழி டீச்சருக்கு இருந்த மரியாதை ஆயருக்கே இருந்ததா என்பது சந்தேகம்தான். தினமும் காலை ஆறு மணிக்குப் பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஊக்க வார்த்தை போடுவாள். முதலில் வசனம், பிறகு புத்திமதி. 'மலிவு என்று எதையும் வாங்காதீர்கள். யார் வயிற்றில் அடித்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.' அறுபது பேர் கைகூப்பும் பொம்மை அனுப்புவார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் டீச்சர் காபி குடிப்பாள்.

போன ஜூலையில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் பழனியாத்தாள் எழுந்து பேசினாள். சபைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பனியன் கம்பெனியில் டெய்லர்.

"பாத்ரூம் போகோணும்னா டோக்கன் வாங்கோணுமுங்க. முப்பது பேர் வரிசையா உக்காந்து தைக்கற லைனுக்கு ஒரே டோக்கன். அவசரம்னு டோக்கன் இல்லாமப் போனா அரை நாள் கூலி போச்சுங்க" என்றாள்.

எல்லோரும் அழுதார்கள். அதிகம் அழுதது டீச்சர்தான். அந்தக் கம்பெனித் துணியை இனி இந்தச் சபையில் யாரும் வாங்குவதில்லை என்று ஜெபத்திலேயே தீர்மானம் போட்டாள். பிள்ளைகளுக்குப் புதுத்துணி கொடுக்கும்போது, அதைத் தைத்த கைகளுக்காக ஒருவர் ஜெபிக்க வேண்டும் என்ற வழக்கத்தையும் அவள்தான் கொண்டுவந்தாள்.

டிசம்பர் வந்தது. வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல்ஸ் பாடப் போகும் நாற்பது பிள்ளைகளுக்குச் சிவப்பு டி-ஷர்ட் வேண்டும். கோபியில் பெண்களே சேர்ந்து நடத்தும் தையல் சங்கத்தில் சொல்லிவிடுவதாக ஏற்றுக்கொண்ட டீச்சர், அரையாண்டுப் பரீட்சைத் தாள் திருத்துகிற மும்முரத்தில் சுத்தமாக மறந்துபோனாள். நினைவு வந்தபோது கேரல்ஸுக்கு நான்கு நாள்தான் இருந்தது. மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. டவுனுக்குப் போனாள். ஒரே நிறத்தில் நாற்பதும் ஒரே கடையில்தான் கிடைத்தது. கழுத்தில் அதே கம்பெனி லேபிள்.

கர்த்தருடைய காரியத்துக்குத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கினாள். சனிக்கிழமை மத்தியானம் கதவைத் தாழிட்டு, நாற்பது லேபிளையும் கத்தரித்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்தது. "தைத்த கைகளுக்காக இன்னைக்கு பழனியாத்தாள் ஜெபிக்கட்டும்" என்றார் ஆயர்.

பழனியாத்தாள் மேலே இருந்த டி-ஷர்ட்டை எடுத்தாள். பழக்கதோஷம், கழுத்தைத்தான் முதலில் திருப்பிப் பார்த்தாள். விரலால் தடவினாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு கண்ணை மூடி, டீச்சரின் பெயரையும் சேர்த்துச் சொல்லி, அமைதியாக ஜெபித்து முடித்தாள்.

டீ குடிக்க எல்லோரும் வெளியே போனதும் டீச்சரிடம் வந்தாள்.

"ஏனுங்க்கா, இதெல்லாம் பிள்ளைகளுக்கு இப்பக் குடுக்க வேண்டாமுங்க. லேபிளோட கழுத்துத் தையலையும் வெட்டிப்போட்டீங்க. ரெண்டு தடவ தொவைச்சா பிரிஞ்சுபோயிருமுங்க. ஊட்டுக்குக் கொண்டுபோய் சாயங்காலம் தச்சுப்போட்டு வாரேன். இது எங்க லைன்ல நான் தச்ச துணிதானுங்க, எனக்குச் சுளுவு."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் டீச்சர் தாங்கியிருப்பாள்.

"பழனி, என்னை மன்னிச்சிரு கண்ணு. நான்..."

"அட, உடுங்க்கா. அன்னைக்கு எனக்காக அழுதீங்க பாருங்க, அந்தத் தெம்புலதானுங்க இன்னும் வேலைக்குப் போய்ட்டிருக்கேன்."

வாரத்தில் ஆறு நாள் தைத்துவிட்டு, ஏழாம் நாளும் டீச்சரின் பொய்க்கு ஒட்டுப் போட அந்தப் பெண் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஆலயத்து வாசலுக்கு நடந்தாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க" என்றாள். டீ டம்ளரோடு எல்லோரும் திரும்பினார்கள். "நான் வாங்கக்கூடாதுன்னு சொன்ன கம்பெனித் துணியையே வாங்கினேன். தெரியக்கூடாதுன்னு லேபிளை வெட்டினதும் நான்தான்."

எல்லோர் பார்வையும் அந்தக் கம்பெனியில் தைக்கும் பழனியாத்தாள் பக்கம் போயிற்று. டீச்சரும் அங்கே திரும்பினாள். அந்தப் பெண் படியோரம் தலை குனிந்து நின்றாள், தப்பு செய்தவள் அவள்தான் என்பதுபோல.