கொடியில் தொங்கிய நீலக் கோட்டு

அடுத்த வீட்டு விவகாரம் பேசுவது என் வழக்கமில்லை. என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தால் அதற்கு நானா பொறுப்பு?

வேலிக்கு இந்தப் பக்கம் தேனீ வளர்க்கும் தேன்காரர். அந்தப் பக்கம் பூசணி போடும் அவர் தங்கை புருஷன்; தெருவில் ஸ்ப்ரேக்காரர் என்றால்தான் தெரியும். பூச்சிமருந்தடிக்கப் புது ஸ்ப்ரேயர் வாங்கியதிலிருந்து, பூ விரிகிற காலை வேளையில்தான் அதை முதுகில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் வருவார். நாலு பேர் பார்க்க வேண்டாமா?

ஒருநாள் மருந்து பட்ட தேனீக்கள் பெட்டி வாசலில் நாக்கை நீட்டி, நடுங்கி, குவியலாகச் செத்துக் கிடந்தன. பாதிப் பெட்டிகள் காலி. தேன்காரர் வேலியோரம் வந்தார்.

“மாப்பிள்ளை, அடிக்கறதுக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லுங்க. பெட்டியை மூடி வச்சுக்கறேன்.”

“என் தோட்டத்துல மருந்தடிக்க உங்க ஈக்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா மச்சான்?”

அத்தோடு பேச்சுவார்த்தை நின்றது. மிச்சப் பெட்டிகளும் போனால் தேன்காரர் தொழிலை மூட்டைகட்ட வேண்டியதுதான்.

பிறகுதான் கவனித்தேன். சில சாயங்காலங்களில் தங்கைக்காரி, புருஷன் மருந்தடிக்கப் போடும் நீலக் கோட்டைத் துளி ஈரமில்லாமல் கொடியில் மாட்டுவாள். உடனே தேன்காரர் ஈரச்சாக்கோடு பெட்டிகளை மூடக் கிளம்புவார். மறுநாள் காலை ஊர்வலம்.

கூத்து அதற்கப்புறம். தேனீ வராமல் பூசணிப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது. புழுதான் என்று ஸ்ப்ரேக்காரர் இன்னும் அடித்தார். இவர் அடிக்க அவர் மூட, அவர் மூட பிஞ்சு உதிர, கடைசியில் தங்கைக்காரி வெடித்தாள். அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“புழுவும் இல்ல, கிழுவும் இல்ல! தேனீ வந்தாத்தானே காய் பிடிக்கும்? நீங்க அடிக்கறப்பல்லாம் அண்ணன் மூடி வச்சுடறார்.”

“நான் அடிக்கறது அவருக்கு எப்படித் தெரியும்?”

“உங்க கோட்டு சொல்லும்.”

மனுஷன் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பின் ஊர்வலம் இல்லை. அந்தியில், தேனீயெல்லாம் கூடு சேர்ந்த பிறகு, புழு கண்ட செடிக்கு மட்டும் மருந்து. பார்க்க ஆளில்லாத நேரம், பாவம். நான் பார்த்தேன்.

நேற்று கோட்டு மறுபடி கொடியில். தேன்காரர் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வேலிக்கு அப்பாலிருந்து ஒரு கத்தல்:

“மூடாதீங்க மச்சான்! இந்தத் தடவை நெசமாவே துவைச்சுப் போட்டிருக்கேன்!”

தேன்காரர் கோட்டைப் பார்த்தார். நீர் சொட்டியது. கீழே பூசணிக் கொடியில் உள்ளங்கையளவு பிஞ்சுகள்.

“பிழியவே இல்லையே மாப்பிள்ளை,” என்றார்.